லெதர் அணிந்து பிரைடு பேரணியில் நடக்க: பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழ் பேசி வளர்ந்தவர்கள், கேரளத்தில் நடக்கும் குவியர் பிரைடுக்கு (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றவர்களின் பெருமிதப் பேரணி) போக நினைத்தால், அதிலும் லெதர் சமூகத்தோடு சேர்ந்து நடக்க நினைத்தால், என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். குமுளி, மூணாறு, களியக்காவிளைக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும், பஸ் ரூட் மட்டும்தான் மாறும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோல் வாங்குவது இதில் கடைசி வேலை. பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: ஆன்லைனில் ஒரு ஹார்னஸ் (மார்பில் மாட்டும் தோல் பட்டை) வாங்கிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது, யாரோடு போவது என்று பிறகு தேடுகிறார்கள். ஆட்கள், பழக்கம், ஒப்புதல் இவையெல்லாம் முன்னால் வர வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகும்.

லெதர் சமூகம் யார்

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் சிலர் மோட்டார் சைக்கிள் கிளப்புகளாகச் சேர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1954இல் தொடங்கிய சட்டர்ஸ் கிளப் அவற்றில் மிகப் பழையது. பைக் ஓட்டுபவர்கள் போட்ட கருப்புத் தோல் ஜாக்கெட்டும் பூட்ஸும் அவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளும் உடையாக ஆயின. 1958இல் சிகாகோவில் கோல்டு கோஸ்ட் என்ற பார் லெதர் ஆண்களின் கூடுமிடமானது. பெண்கள் தனியாக ஓர் அமைப்பு கட்டினார்கள்: 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் சமோயிஸ். அடுத்த ஆண்டு சிகாகோவில் இன்டர்நேஷனல் மிஸ்டர் லெதர் போட்டி தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் ஃபோல்சம் தெருத் திருவிழா 1984இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது.

இவர்களில் பலருக்கு லெதர் என்பது உடை மட்டுமல்ல. ஒருவர் கட்டுப்படுத்துவது, இன்னொருவர் தன்னை ஒப்படைப்பது போன்ற உறவு முறைகளும் அதோடு சேர்ந்து வரும். அதனால்தான் ஒப்புதல் பற்றி இந்தச் சமூகம் அளவுக்கு வெளிப்படையாகப் பேசியவர்கள் குறைவு. பாதுகாப்பு, நிதானம், ஒப்புதல் என்ற மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து 1983இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு குழு எழுதியது. எது நடந்தாலும் சம்பந்தப்பட்டவர்கள் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும், "வேண்டாம்" என்று சொன்ன அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். இது புரியாதவர் எவ்வளவு நல்ல தோல் போட்டாலும் லெதர்காரர் ஆக மாட்டார்.

நம் பக்கத்துக் கதை வேறு. இந்தியாவின் முதல் பிரைடு நடை 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் நடந்தது. சென்னையில் 2009இல் தொடங்கியது, கேரளத்தில் 2010இல் திருச்சூரில். அதன் பிறகு கேரளப் பிரைடு ஒவ்வொரு முறையும் ஊர் மாறி நடக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் திருநர் உரிமைத் தீர்ப்பை அளித்தது. 2015இல் கேரளம் தனியாகத் திருநர் கொள்கை அறிவித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, ஒப்புதலுள்ள பெரியவர்களின் தன்பாலின உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 377 தண்டிக்க முடியாது என்று ஆனது. இந்தத் தேதிகளை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் நடக்கப்போகும் சாலையைத் திறந்துவிட்டவர்கள் பெரும்பாலும் திருநங்கைகள், திருநம்பிகள், காசில்லாத இளைஞர்கள், வீட்டை விட்டு வெளியேறிய பெண்கள். லெதர் வரிசை இங்கே புதிது, ஆட்களும் குறைவு. அவர்கள் பேரணியில் நாமும் ஒரு வரிசை என்ற எண்ணத்தோடு போக வேண்டும்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது

கேரளத்தில் லெதருக்கு என்று பெயர்ப்பலகை வைத்த பார் எதையும் தேட வேண்டாம். கொச்சி, கோயம்புத்தூர், பெங்களூரு என்று சிதறிக் கிடக்கும் சிறு நண்பர் வட்டங்கள்தான் இருக்கும். அவர்களை அடைய நேர்வழி, குவியர் அமைப்புகள் வழியாகப் போவது. கொச்சியை மையமாகக் கொண்டு இயங்கும் குவீரளா, பெண்களுக்கும் திருநம்பிகளுக்கும் பல காலமாகத் துணை நிற்கும் சகயாத்ரிகா போன்றவை நடத்தும் கூட்டங்களுக்கு முதலில் சாதாரண உடையில் போய் வாருங்கள். நாற்காலி எடுத்துப் போடுங்கள், பேனர் எழுத உதவுங்கள். நாலு பேருக்கு முகம் தெரிந்த பிறகு, லெதர் வட்டத்தில் யாரையாவது தெரியுமா என்று கேட்டால் தானாக வழி கிடைக்கும்.

டேட்டிங் ஆப் மூலம் தேடுபவர்கள் கவனமாக இருங்கள். முகம் தெரியும் படத்தையும் லெதர் படத்தையும் ஒரே ஆளுக்கு அனுப்பிவிட்டு, பிறகு "உன் அப்பாவுக்கு அனுப்பவா" என்ற மிரட்டலில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. முதல் சந்திப்பு பகலில், பேக்கரியிலோ ரயில் நிலையத்திலோ இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்று ஒரு நண்பருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அப்புறம், "நீ புதுசு, நான் சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணும்" என்று முதல் நாளே அதிகாரம் காட்டும் அண்ணன்மார்களை விட்டு விலகுங்கள். லெதர் உறவில் அதிகாரம் என்பது எதிராளி மனதாரக் கொடுப்பது, சீனியர் என்பதற்காகக் கேட்டு வாங்குவதல்ல. நல்ல மூத்தவர் முதலில் உங்கள் எல்லைகளைக் கேட்பார், தன்னுடையதைச் சொல்வார்.

அமைப்பாளர்களிடம் கேட்பது

இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பேரணி நாளில் போய் நிற்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேரணிக்குப் போலீஸ் அனுமதி வாங்கியது அமைப்பாளர்கள், அங்கே எது நடந்தாலும் பதில் சொல்லப் போவதும் அவர்கள். பிரைடில் பெற்றோரும் வருவார்கள், கைக்குழந்தையோடும் வருவார்கள். டிவிக்காரர்கள் முழுப் பேரணியையும் விட்டுவிட்டு, மார்பில் பட்டை போட்ட ஒருவரை மட்டும் காட்டி இரவு விவாதம் நடத்துவார்கள். அந்தச் சுமை அடுத்த நாள் வேலை தேடிப் போகும் ஒரு திருநங்கையின் தலையில் போய் விழும்.

ஆகவே சில வாரங்கள் முன்பே தன்னார்வலர் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்: நாங்கள் இத்தனை பேர், இதைத்தான் அணிவோம், இந்தக் கொடி பிடிப்போம், எங்கே நடக்கலாம். நடுவில் ஒரு வரிசை கொடுப்பார்கள், அல்லது சட்டைக்கு மேல் போடச் சொல்வார்கள். சில சமயம் இந்த முறை வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றால் சாதாரண உடையில் நடங்கள். ஒப்புதலை உயிராக நினைக்கும் ஒரு சமூகம் இந்த இடத்திலும் அதைக் காப்பாற்ற வேண்டும். லெதருக்கு இடம் இல்லை என்று எப்போதுமே சொன்னால் அது வேறு விஷயம், அதை அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து வாதாடலாம், வாதாட வேண்டும்.

என்ன அணியலாம், எது வேண்டாம்

முதல் முறைக்கு என் பரிந்துரை: கருப்பு டி-சர்ட், ஜீன்ஸ், நன்றாகப் பழகிய ஷூ, ஒரு தோல் வெஸ்ட் அல்லது டி-சர்ட்டுக்கு மேல் ஒரு ஹார்னஸ். அவ்வளவு போதும். வெறும் உடம்பில் ஹார்னஸ் போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொது இடத்தில் ஆபாசச் செயல் என்று சொல்லி வழக்குப் போட பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 296ஆம் பிரிவு இருக்கிறது, மூன்று மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வழக்கு நிற்குமா நிற்காதா என்பது கோர்ட்டில் தெரியும், ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் அந்த இரவு எப்படியும் உங்களுடையது.

கைவிலங்கு, சாட்டை, கனமான சங்கிலி, தடி எதுவும் பேரணிக்கு வேண்டாம். கூட்டத்தில் அவை ஆயுதமாகத்தான் தெரியும். லெதர்காரர்கள் போடும் கருப்புத் தொப்பி போலீஸ் தொப்பி போலவே இருக்கும், அதில் சிங்க முத்திரை, நட்சத்திரம் என்று எதையும் குத்த வேண்டாம். காக்கியும் வேண்டாம்.

சில அடையாளங்களுக்கு அர்த்தம் உண்டு. கைப்பட்டையோ கைக்குட்டையோ இடப்பக்கம் இருந்தால் பொதுவாக வழிநடத்துபவர், வலப்பக்கம் இருந்தால் ஒப்படைப்பவர். 1970களில் அமெரிக்காவில் பரவிய பழக்கம் இது. அழகுக்காகப் போட்டுவிட்டு, யாராவது வந்து கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும். பூட்டு போட்ட கழுத்துப்பட்டை பலருக்கு ஓர் உறவின் அடையாளம், தாலி போல. அதைத் தொட்டுப் பார்ப்பதோ, "இது என்ன?" என்று இழுப்பதோ கூடவே கூடாது.

கொடி வேண்டுமென்றால் உள்ளூர் டெய்லரிடமே தைக்கலாம். டோனி டிபிளேஸ் என்பவர் வடிவமைத்து 1989 மே மாதம் சிகாகோவில் அறிமுகப்படுத்திய கொடி இது. மொத்தம் 9 பட்டைகள். மேலிருந்து கருப்பு, நீலம், கருப்பு, நீலம், நடுவில் வெள்ளை, பிறகு நீலம், கருப்பு, நீலம், கருப்பு. இடது மேல் மூலையில் ஒரு சிவப்பு இதயம். ஒவ்வொரு பட்டையும் 4 அங்குலம் வைத்தால் உயரம் 36 அங்குலம் வரும், நீளம் 54 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். பாப்ளின் துணி போதும், காற்றில் நன்றாகப் பறக்கும். கம்புக்கு மெல்லிய மூங்கிலோ பிவிசி குழாயோ போதும், இரும்புக் கம்பி வேண்டாம். எந்தக் கட்சிக் கொடி என்று வழியில் கேட்பார்கள், ஒரு வரிப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

தோலைத் தேர்ந்தெடுப்பது

இணையத்தில் வரும் மலிவான ஹார்னஸ்களில் பாதி ரெக்சின். ஒரு மழைக்காலம் தாண்டாது, செதில் செதிலாக உரியும். நம் பக்கத்தில் இருந்துகொண்டு அதை வாங்குவது அநியாயம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று தோல் பதனிடும் ஊர்கள் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்துதான் ஒரு காலத்தில் கப்பல் ஏறியது. கோயம்புத்தூரில் பெல்ட், பை தைப்பவர்களிடம் சொன்னால் தோல் துண்டு கிடைக்கும்.

கடையில் தோலை விரித்ததும் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோமில் பதனிட்டது: மெத்தென்று இருக்கும், தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும். ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதனிட்டது: விறைப்பாக இருக்கும், போகப் போக உடம்புக்கு ஏற்ப வளையும், வியர்வை பட்ட இடம் கருக்கும். வெஸ்டுக்கு முதலாவது, ஹார்னஸ் பட்டைக்கு இரண்டாவது என்பது என் தேர்வு. பட்டைக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத் தோலோ எருமைத் தோலோ வேண்டும், "பெல்ட் தோல்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். அகலம் ஒன்றேகால் அங்குலம் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும்.

கருப்புச் சாயம் போட்ட தோலை வாங்கும் முன் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணி கருத்தால் உங்கள் சட்டையும் தோளும் கருக்கும். வளையம், பக்கிள், ரிவெட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். பித்தளை பட்ட இடத்தில் வியர்வையோடு சேர்ந்து பச்சை படியும், நிக்கல் பூச்சு சிலருக்கு அரிக்கும்.

தைப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். கதை எதுவும் கட்ட வேண்டாம். ஒரு தாளில் வரைந்து, அளவு எழுதி, "மார்புல போடுற பட்டை அண்ணா, முன்னாடி ஒரு வளையம், பின்னாடி ஒரு வளையம், நாலு பக்கமும் பக்கிள்" என்று நீட்டுங்கள். மாட்டுக் கழுத்துக்குச் சலங்கைப் பட்டை தைத்துப் பழகிய கை அது. தாளை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "வளையத்துக்கு அடியில சின்ன தோல் வட்டம் வச்சுத் தரட்டா தம்பி? இல்லைன்னா வெயில்ல இரும்பு சுட்டுரும்" என்று கேட்பார். வைக்கச் சொல்லுங்கள். அக்குளைத் தொடும் ஓரங்களை இழைத்து மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேர நடையில் உடம்பில் தோல் உரிந்துவிடும். அளவை நீங்கள் போடப்போகும் டி-சர்ட்டின் மேலேயே எடுங்கள். இரண்டு பக்கமும் கூடுதல் துளைகள் இருக்கட்டும்.

தோலும் சாதியும்

இதைத் தாண்டிப் போக என்னால் முடியாது. அமெரிக்காவில் கருப்புத் தோல் கிளர்ச்சியின் உடை. நம் மண்ணில் தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். எங்கோ நடந்த பழங்கதை இல்லை இது. முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமைக்கு எதிராக எழுப்பிய குரல் 2017இல் கேரளம் முழுக்கச் செய்தியானது. நம் எல்லையில், நம் மொழி பேசும் மக்கள். அதே தோலை நான் ஸ்டைலாக மார்பில் மாட்டிக்கொண்டு "பிரைடு" என்று நடந்தால், அந்தச் சொல்லுக்கு நேர்மையாக இருக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? தைத்தவருக்குப் பேரம் பேசாமல் முழுக் கூலி கொடுங்கள். உங்கள் வட்டத்தில் தலித் நண்பர்கள் லெதர் வேண்டாம் என்று சொன்னால், காரணம் சொல்லச் சொல்லி நச்சரிக்காதீர்கள். சிலருக்கு அது தாத்தாவின் கையில் இருந்த நாற்றத்தையும் அவர் பட்ட அவமானத்தையும் நினைவுபடுத்தும். வேறு சிலர் அதையே பெருமையாக அணிய விரும்பலாம், முடிவு அவர்களுடையது. பேரணியில் பறையடிப்பவர்கள் இருந்தால் நம் லெதர் வரிசை அவர்களுக்குப் பின்னால் நடக்கட்டும். அந்தப் பறையும் தோல்தான். அமைப்பாளர்களிடம் வரிசை பேசும்போதே இதைக் கேட்டு வாங்கிவிடலாம்.

புறப்படும் நாள்

வீட்டிலிருந்து சாதாரண உடையில் கிளம்புங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ், அங்கிருந்து பாலக்காடு ஜங்ஷனில் ரயில் பிடித்தால் திருச்சூரும் எர்ணாகுளமும் ஒரே பாதையில். திரும்பும் ரயிலுக்கும் முன்பே டிக்கெட் எடுத்துவையுங்கள், கடைசி பஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம். தோலைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டாமல் பருத்தித் துணிப்பையில் வையுங்கள். உடை மாற்ற இடம் எங்கே என்று அமைப்பாளர்களிடம் முன்பே கேளுங்கள். ரயில் நிலையக் கழிப்பறை அதற்கு நல்ல இடமில்லை.

வெயிலை லேசாக எடுக்காதீர்கள். கருப்புத் தோலுக்கு அடியில் உடம்பின் சூடு வெளியேறாது. தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு துண்டு, ஒரு குடை. தலை சுற்றினாலோ வியர்வை திடீரென்று நின்றாலோ தோலைக் கழற்றிவிட்டு நிழலில் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாக நடக்காதீர்கள். வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி இருக்கட்டும், ஒருவர் காணாமல் போனால் மற்றவர் தேட வேண்டும். வக்கீல் நம்பரை அமைப்பாளர்களிடம் வாங்கிக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போன் சார்ஜ் தீர்ந்தாலும் இருக்கும்.

நடக்கும்போது

கோஷம் மலையாளத்தில் இருக்கும், ஓரிரு முறை கேட்டால் பிடிபட்டுவிடும். தமிழில் ஒன்று எழுப்பத் தோன்றினால் எழுப்புங்கள், எல்லைக்காரர்கள் வந்திருப்பது தெரியட்டும். மூத்த திருநங்கைகளைச் சேச்சி என்றோ அக்கா என்றோ அழையுங்கள், முன்வரிசை அவர்களுடையது.

படம் எடுப்பதுதான் பெரிய சிக்கல். ஊரில் தெரியக் கூடாது என்றால் கருப்பு மாஸ்க், கூலிங் கிளாஸ், தொப்பி மூன்றும் போடுங்கள். கையில் பச்சை குத்தியிருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள், முகத்தைவிட அதை வைத்துத்தான் சொந்தக்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். யாராவது கேமராவை நீட்டினால் "சேட்டா, ஃபோட்டோ வேண்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கொடியை முன்னால் பிடியுங்கள். நீங்கள் எடுக்கும் படத்தில் பின்னால் யாருடைய முகமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிந்துவிட்டது என்பதற்காக வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

குழந்தை ஓடிவந்து பட்டையைப் பார்த்து ஏதாவது கேட்டால், "இது என் டிரெஸ், பிடிச்சிருக்கா?" என்பது போதும். உறவு முறைகளைப் பற்றிய பேச்சு பெரியவர்களுக்குள், பேரணி முடிந்த பிறகு. ரோட்டோரத்தில் யாராவது கிண்டல் செய்தால் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருங்கள். போலீஸ் பேசினால் அமைப்பாளரைக் கூப்பிடுங்கள், நீங்களாக வாதம் செய்ய வேண்டாம். அடி, மிரட்டல் என்று போனால் 112.

மறுநாள்

தோலை ஈரத் துணியால் துடைத்து, நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். மழையில் நனைந்திருந்தாலும் வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையரும் காட்டாதீர்கள், விறைத்து வெடித்துவிடும். காய்ந்த பிறகு மெழுகு கலந்த லெதர் கிரீமைக் கொஞ்சமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், வேண்டாம்: சிக்குப்பிடித்து நாறும். இடவப்பாதி மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அலமாரியைத் திறந்து பாருங்கள், வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட வையுங்கள்.

பேரணிக்குப் பிறகு ஓரிரு நாள் மனது காலியாக இருப்பது பலருக்கு நடக்கும். அத்தனை பேரோடு நடந்துவிட்டு மறுநாள் ரேஷன் கடை வரிசையில் யாரிடமும் எதுவும் பேச முடியாமல் நிற்பது கஷ்டம்தான். ஜோடியாக நடந்தவருக்கு ஒரு போன் போடுங்கள். ரொம்ப பாரமாக இருந்தால் 14416, இது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

உங்கள் படம் பத்திரிகையிலோ வேறு எங்கோ வந்துவிட்டது, வீட்டில் பார்த்துவிட்டார்கள் என்றால், அன்றைக்கே அமைப்புகளில் ஒன்றைக் கூப்பிடுங்கள். சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்களைக் குடும்பம் பிரித்தபோது, 2022இல் கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் சேர்ந்தே வாழலாம் என்றது. பெரியவர்களான உங்களை யாரும் பூட்டிவைக்கவோ, மாற்றுகிறேன் என்று மருத்துவரிடம் இழுத்துப்போகவோ முடியாது. ஆதார், சான்றிதழ்கள், கொஞ்சம் பணம் இவற்றை நம்பகமான ஒருவரிடம் பேரணிக்கு முன்பே கொடுத்து வைத்திருந்தால், அந்த இரவில் அவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்காது.